பூனைக்குட்டிக்கு இரண்டு மாதத்திலேயே கருத்தடை: நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மச்சில், கைவிடப்பட்ட பூனைக்குட்டிகளை வளர்த்துத் தேற்றி நல்ல வீடுகளுக்குக் கொடுத்து வருகிறோம். நான் கால்நடை மருத்துவர் இல்லை. குட்டிகளைக் கூடையில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் காத்திருந்து கற்றுக்கொண்டதும், மருத்துவர்களிடம் கேட்டறிந்ததும், படித்ததும்தான் இங்கே இருக்கின்றன. குட்டி கேட்டு வருகிறவர்கள் வயிற்றில் தையலோடு துள்ளி விளையாடுகிற உள்ளங்கையளவு உயிரைப் பார்த்ததும் பதறிப்போகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையே எழுதியிருக்கிறேன்.

எந்த வயதில் செய்யலாம் என்கிறீர்கள்?

எட்டு வாரம் முடிந்திருக்க வேண்டும். எடை ஒரு கிலோவைத் தொட்டிருக்க வேண்டும். உடம்பில் நோய் இருக்கக்கூடாது. இம்மூன்றும் பொருந்திய குட்டிக்குச் செய்யலாம்.

தெருவில் கிடைத்த குட்டிக்குப் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. அதனால் எடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நன்றாகத் தின்கிற குட்டி மாதத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ ஏறும். பலசரக்குக் கடைத் தராசு போதும்: ஓலைப்பெட்டியை மட்டும் ஒருமுறை நிறுத்துவிட்டு, குட்டியோடு மறுமுறை நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து பார்த்தால் எட்டு வாரக் குட்டிக்குப் பால்பற்கள் எல்லாம் முளைத்திருக்கும். கண்ணில் பிறவி நீலம் போய் மஞ்சளோ பச்சையோ தெரியத் தொடங்கியிருக்கும்.

ஆறு மாதம் ஆகட்டும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? பொறுத்தால் என்ன?

பொறுத்த ஒரு கதையைச் சொல்கிறேன். சித்திரையில் பிறந்த ஒரு முக்கலர்ப் பெண்குட்டி. இரண்டு மாதமானதும் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். நல்ல மனிதர்கள். ஆறு மாதத்தில் கருத்தடை செய்துவிடுவோம் என்று நோட்டுத்தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். ஐப்பசியில் கேட்டபோது தீபாவளி போகட்டும் என்றார்கள். தீபாவளி போனதும் அடைமழை. மழை விட்டதும் பிள்ளைகளுக்கு அரைப்பரீட்சை. மார்கழிக் கடைசியில் நெல் மூட்டை அடுக்கிய அறையில் அது நான்கு குட்டி போட்டது.

அந்தத் தாய்க்கே அப்போது ஒன்பது மாதம்கூட நிறையவில்லை. பால் போதவில்லை. இரண்டு குட்டிகள் மறுநாளே போயின, மூன்றாவது ஒரு வாரம் தாங்கியது. எலும்பும் தோலுமாகத் தாயையும் மிஞ்சிய ஒன்றையும் நான் போய் எடுத்து வந்தேன். அந்த வீட்டார் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆறு மாதம் என்று நாள் குறித்துக் கொடுத்தவள் நான்தான். அந்தக் கணக்கே தவறு.

பெண்பூனை நான்கு மாதத்திலேயே சினைப்படக் கூடும். ஐந்து, ஆறு மாதத்தில் பருவத்துக்கு வருவது சாதாரணம். சினைக்காலம் 63 முதல் 65 நாட்கள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படும்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு காரணமும் உண்டு. பூனையின் பருவத்தைத் தூண்டுவது பகல்பொழுதின் நீளம். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் அது அடங்கிவிடும். நெல்லை பூமத்திய ரேகையிலிருந்து ஒன்பது பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். அதனால் நம் பூனைகளுக்கு ஓய்வுக்காலம் என்று ஒன்று இல்லை. ஆடியிலும் குட்டி போடும், தையிலும் போடும்.

அமெரிக்காவில் 2016-ஆம் ஆண்டு இதை ஆராய்ந்த கால்நடை மருத்துவர் குழுவும் ஐந்து மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. வீட்டில் ஒரே குட்டி, கதவு எப்போதும் மூடியிருக்கும், நாளைத் தவறவிடாமல் கூட்டிப்போவீர்கள் என்றால் நான்காவது மாதம்வரை பொறுப்பதில் தவறில்லை. கை மாறப்போகிற குட்டிக்கு அந்த அவகாசம் இல்லை. அது படியிறங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு சின்ன உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா?

தாங்கும். ஆனால் பெரிய பூனையைக் கவனிப்பதுபோல் கவனித்தால் போதாது. சின்னக் குட்டியிடம் கொழுப்புச் சேமிப்பு இல்லை. இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும். உடம்புச் சூடும் சட்டென்று இறங்கும். இந்த இரண்டையும் பார்த்துக்கொள்கிற மருத்துவரிடம் போக வேண்டும். மருந்தளவுக்கு எடையைக் கண்ணால் மதிப்பிடக்கூடாது, கிராம் கணக்கில் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அறுவையில் சின்ன வயதுக்கு அனுகூலமும் உண்டு. வயிற்றுக்குள் கொழுப்பு மறைக்காததால் கருப்பையும் சூலகமும் தெளிவாகத் தெரியும். இரத்தக் குழாய்கள் மெல்லியவை, இரத்தப்போக்கு குறைவு. வெட்டு சிறியது, வேலை சீக்கிரம் முடியும், மயக்கமும் சீக்கிரம் தெளியும். காலையில் அறுவை முடிந்த எட்டு வாரக் குட்டி சாயங்காலம் திரைச்சீலையில் ஏறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு வயதுப் பூனை அன்று முழுவதும் மூலையில் சுருண்டு கிடக்கும்.

மயக்க மருந்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எந்த வயதிலும் அது உண்டு.

முந்தின இரவிலிருந்தே பட்டினி போட வேண்டுமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே முக்கியமான பதில் இதுதான். பெரிய பூனைக்குச் சொல்லும் இராப் பட்டினியைக் குட்டிக்கும் பொருத்தினால் சர்க்கரை இறங்கி, மேசையிலேயே அதன் உயிருக்கு ஆபத்து வரலாம். எட்டு வாரக் குட்டிக்கு உணவை நிறுத்துவது இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் போதும். எத்தனை மணிக்குக் கடைசித் தீனி என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் ஆளாக எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள். வாசலில் வரிசை நீண்டு நேரமாகிக்கொண்டே போனால், உள்ளே போய்க் குட்டிக்கு எத்தனை மணி நேரமாகச் சாப்பாடு இல்லை என்று ஞாபகப்படுத்துங்கள். கூச்சப்பட வேண்டாம்.

கண் விழித்து, தலையை நேராக நிறுத்தி, விழுங்கத் தொடங்கியதும் ஈரமான தீனி கொஞ்சம் கொடுக்க வேண்டும். வேகவைத்த கோழியைப் பிசைந்து கையோடு கொண்டுபோய்விடுவேன்.

நம் ஊர் வெயிலில் குட்டிக்குக் குளிருமா?

குளிரும். அக்கினி நட்சத்திரத்தில் வெளியே அனல் அடித்தாலும், மயக்கத்தில் கிடக்கிற குட்டி தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது. வயிற்று மயிரை மழித்து, மருந்து தடவி ஈரமாக்கி, குளிரூட்டிய அறையில் கிடத்துகிறார்கள். ஒரு பழைய துண்டும், வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய போத்தலும் கொண்டுபோங்கள். போத்தல் நேராக உடம்பில் படக்கூடாது, மயக்கத்தில் சுட்டாலும் அதற்குத் தெரியாது.

போகும் வழியில் நிலைமை நேர்மாறு. வள்ளியூரிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ பஸ்ஸில் வருகிறீர்கள் என்றால் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். காற்றுப் புகும் மூடியுள்ள கூடை வேண்டும். ஓலைப்பெட்டியின் மூடியைக் குட்டி தலையால் முட்டித் திறந்துவிடும், சணல் கயிறு போட்டுக் கட்டுங்கள்.

அதற்கு முன் என்னென்ன முடித்திருக்க வேண்டும்?

குடற்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். தெள்ளுப்பூச்சி இருக்கக்கூடாது. தெள்ளு மொய்த்த குட்டி இரத்தம் வற்றிச் சோகை பிடித்திருக்கும், ஈறு வெளுத்திருந்தால் அன்று போகாதீர்கள். தெள்ளுக்கென்று நாய்க்கு விற்கும் உண்ணி மருந்தைத் தடவ வேண்டாம். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

கண்ணில் பீளை, தும்மல், பேதி இருந்தாலும் தள்ளிப்போட வேண்டும். பூனைகளுக்கான முதல் கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் போடுவார்கள். பன்லூக்கோபீனியா என்ற குடல் நோய் குட்டிகளைக் கூட்டமாக வாரிக்கொண்டு போகும், பல பூனைகள் வந்துபோகும் இடத்துக்குத் தடுப்பூசி இல்லாமல் போவது நல்லதில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி பன்னிரண்டு வாரத்தில்.

ஆணா பெண்ணா என்றே தெரியவில்லையே?

வாலைத் தூக்கிப் பாருங்கள். மலவாய்க்கும் அடுத்த துளைக்கும் இடைவெளி குறைவாக, கீழுள்ளது கோடுபோல் இருந்தால் பெண். இடைவெளி கூடுதலாக, கீழுள்ளது புள்ளிபோல் இருந்தால் கடுவன். இரண்டுக்கும் நடுவே பட்டாணிபோல் விதைகள் தட்டுப்படும். முக்கலர்க் குட்டி என்றால் பார்க்கவே வேண்டாம், அநேகமாக எல்லாமே பெண்தான். செவலைக் குட்டிகளில் கடுவன் அதிகம்.

அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் வளர்ந்தால் சேருமா?

சேரும். தாயும் மகனும்கூடத்தான்.

ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பெண் பாவம் பொல்லாதது என்கிறார் எங்கள் ஆச்சி. என்ன சொல்வது?

ஆச்சியிடம் மரியாதையாகவே பேசுங்கள். அவர் சொல்வது இரக்கத்தில் வருகிற பேச்சு. பிள்ளைப்பேறு பெண்ணுக்கு நிறைவு என்று நம்பிய தலைமுறை அது. ஆனால் பூனை அப்படி எதற்கும் ஏங்குவதில்லை. பருவம் வந்தால் இராப்பகலாகக் கத்துகிறது, புரளுகிறது, தீனி இறங்குவதில்லை. அது உடம்பின் உந்துதல், ஆசை இல்லை. சினையாகாவிட்டால் சில நாளில் அடங்கி, மறுபடியும் வரும்.

ஒருமுறை ஈன்றால் உடம்புக்கு நல்லது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தள்ளிப்போடுவதில் கேடுதான் இருக்கிறது. பூனைக்குப் பால்மடியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை செய்த பூனைகளுக்கு மடிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறைந்திருந்தது. வயது ஏற ஏற அந்தப் பலன் குறைந்துகொண்டே போனது. கருப்பையில் சீழ் பிடிப்பது இன்னொன்று. கருப்பையே இல்லாவிட்டால் அது எங்கிருந்து வரும்? அந்த நோயில் ஒரு பூனையை நான் இழந்திருக்கிறேன். ஆச்சிக்கு அதைச் சொன்னால் புரியும்.

வளர்ச்சி குன்றிவிடாதா?

இல்லை. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஏழு வாரத்திலும் ஏழு மாதத்திலும் அறுவை செய்த பூனைகளை, அறுவையே செய்யாத பூனைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1996-இல் வெளியானது. சீக்கிரம் செய்தவற்றின் எலும்பு முனைகள் மூடத் தாமதமாயின. அதாவது எலும்பு கொஞ்சம் கூடுதல் காலம் வளர்கிறது. கடுவனுக்கு வரும் உப்பிய கன்னமும் தடித்த கழுத்தும் மட்டும் வராது.

சீக்கிரம் செய்தால் கடுவனுக்கு மூத்திரக்குழாய் சுருங்கி அடைத்துக்கொள்ளும் என்கிறார்களே?

இந்தப் பயம் மருத்துவர்களிடமும் இருந்தது. அதனால்தான் அளந்து பார்த்தார்கள். சீக்கிரம் செய்த கடுவனுக்கும் தாமதமாகச் செய்த கடுவனுக்கும் குழாயின் அகலத்தில் வேறுபாடு இல்லை. அடைப்புக்குத் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும், உடல் பெருப்பதும், மன உளைச்சலும் துணை போகின்றன. நம் வெயிலில் காய்ந்த தீனி மட்டும் போட்டு வளர்க்காதீர்கள். வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். கடுவன் திரும்பத் திரும்பக் குந்தியும் மூத்திரம் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

குணம் மாறுமா? எலி பிடிக்குமா?

எலி பிடிக்கும். வேட்டை தாயிடமும் விளையாட்டிலும் வருகிற பழக்கம், விதைப்பையில் இருந்து வருவதில்லை. பிசான நெல் வீட்டுக்கு வந்ததும் எங்கள் பூனைகள் மூட்டைகளுக்கு நடுவே காவல் இருப்பதை நீங்கள் வந்தே பார்க்கலாம்.

குணத்தைப் பற்றி, காப்பகம் ஒன்றிலிருந்து தத்துப்போன 1,660 பூனைகளைக் கொண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு 2004-இல் வெளியானது. ஐந்தரை மாதத்துக்கு முன் அறுவை செய்த கடுவன்களுக்குச் சண்டைப் புண் குறைவு, சுவரில் மூத்திரம் பீய்ச்சுவதும் குறைவு. கூச்சமும் ஒளிந்துகொள்ளும் பழக்கமும் கொஞ்சம் கூடியிருந்ததாகவும் அதே ஆய்வு சொல்கிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. குட்டியை மடியில் வைத்துத் தடவி, ஆள் பழக்கி வளர்த்தால் என் அனுபவத்தில் அது பெரிய குறையாகத் தெரிந்ததில்லை.

குண்டாகிவிடுமாமே?

ஆகக் கூடும். அறுவைக்குப் பிறகு உடம்புக்குத் தேவையான தீனி குறைகிறது, பசி கூடுகிறது. குட்டி வளரும்வரை நன்றாகப் போடுங்கள். வளர்ந்தபின் கேட்கும்போதெல்லாம் தட்டை நிரப்பாதீர்கள்.

அறுவைக்குப் பிறகு வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

அன்று இரவு ஒரு சின்ன அறையில், தரையிலேயே படுக்கை போட்டு, சூடாக வைத்திருங்கள். பரணும் அலமாரியும் வேண்டாம். பிறகு பத்து நாள் காயம் நனையக்கூடாது, அதனால் குளிப்பாட்ட வேண்டாம். காயத்தை நக்கினால், நக்காமல் தடுக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு குட்டிக்குப் பெரிதாக இருக்கும். அதற்குப் பதில் சுத்தமான காலுறையின் நுனியை வெட்டி, கால்களுக்கு நான்கு துளை போட்டுச் சட்டையாக மாட்டிவிடலாம்.

வலிக்குமே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு துண்டு மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். பெரியவர்கள் அன்பு மிகுதியில் செய்யும் தவறு இது, வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். டெட்டால் போன்ற கிருமிநாசினியும் வேண்டாம். நக்கினால் அதுவும் நஞ்சு. மஞ்சள் பூசுவது நம் கைப்பழக்கம். தையலில் தூள் எதையும் அப்பாமல் விடுவதே நல்லது. மருத்துவர் கொடுத்த வலிமருந்து மட்டும், சொன்ன அளவு மட்டும்.

தையலின் கீழே சின்னதாகத் தடித்திருப்பது வழக்கம். சீழ், துர்நாற்றம், விரிந்த தையல், ஈறு வெளுப்பு, மறுநாளும் தின்னாமை ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் உடனே திரும்பிப் போங்கள்.

எங்கே செய்கிறார்கள்? எவ்வளவு ஆகும்?

இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் இருக்கிறது, அங்கே சிகிச்சைப் பிரிவு உண்டு. அரசுக் கால்நடை மருத்துவமனைகளும் தனியார் மருத்துவர்களும் இருக்கிறார்கள். எங்கே போனாலும் முதலில் குட்டியில்லாமல் போய்ப் பேசுங்கள். ஒரு கிலோக் குட்டிக்குச் செய்வீர்களா, எத்தனை செய்திருக்கிறீர்கள், எப்படிச் சூடாக வைப்பீர்கள், எந்த வலிமருந்து தருவீர்கள் என்று கேளுங்கள். தனக்குப் பழக்கமில்லை என்று ஒரு மருத்துவர் சொன்னால் அவரை வற்புறுத்தாதீர்கள். உண்மையைச் சொன்னவர் அவர். நான்காவது மாதத்தில் அவரிடமே போகலாம், அல்லது பழக்கமுள்ளவரைத் தேடலாம்.

பெண்குட்டிக்கு வயிற்றைத் திறப்பதால் கடுவனைவிடச் செலவு கூடும். தொகை கேட்கும்போது மருந்து, மறுபார்வை எல்லாம் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எதற்கு? மார்க்கெட் பக்கம் விட்டால் மீன்தலை தின்று பிழைத்துக்கொள்ளாதா?

பிழைக்காது. அமெரிக்காவின் வட கரோலைனாவில் தெருவில் பிறந்த 169 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதம் ஆவதற்குள் 127 குட்டிகள் இறந்தன, அல்லது காணாமற்போயின. வண்டியில் அடிபட்டும் நாய் கடித்தும் செத்தவை நிறைய. நம் தெருக்கள் அதைவிட இரக்கமுள்ளவை என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஐப்பசி மழையில் ஆற்றங்கரையில் கட்டிப்போட்டிருந்த கோணிச்சாக்கை அவிழ்த்துப் பார்த்தவள் நான். பசியால் துன்பப்படும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

தாய்ப்பூனையை என்ன செய்வது? அது யாருக்கும் பிடிபடாமல் வளவு வளவாகத் திரிகிறதே?

குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்கள், ஆனால் குட்டி இருக்கும்வரை அது அந்தத் தெருவை விட்டுப் போகாது. பிடிக்க அதுதான் நேரம். தினமும் ஒரே மணிக்கு, ஒரே இடத்தில், கூண்டுக்குள் சாளைமீன் வையுங்கள். கதவு மூடாத கூண்டில் ஒரு வாரம் தின்று பழகட்டும். குட்டிகள் தாமாகத் தின்னத் தொடங்கி, ஆறிலிருந்து எட்டு வாரம் ஆனதும் தாயைக் கூட்டிப்போகலாம். பால் கட்டியிருந்தால் வயிற்றின் நடுவில் வெட்டாமல் விலாப்பக்கமாகச் செய்வதுண்டு, மருத்துவர் முடிவு செய்வார். மறுபடி தெருவில் விடப்போகும் பூனைக்கு மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். பிறகு யாரும் அதை இன்னொரு முறை பிடித்து வயிற்றைக் கிழிக்காமல் இருக்க அது அடையாளம்.

குட்டிகளுக்கு மட்டும் செய்து தாயை விட்டுவிட்டால், இரண்டு மாதத்தில் மறுபடி அதே மச்சில் அதே சத்தம் கேட்கும்.

குட்டி கொடுக்கும்போது எங்களிடம் என்ன எழுதி வாங்குவீர்கள்?

எதுவும் இல்லை. அம்பாசமுத்திரத்து முக்கலருக்குப் பிறகு அந்த நோட்டை எடுப்பதில்லை. தையல் ஆறிய குட்டியைத் தருகிறேன். தடுப்பூசி போட்ட தேதி அட்டையில் இருக்கும், அடுத்ததை நீங்கள் போட வேண்டும். கூடையைத் திருப்பித் தந்துவிடுங்கள், அடுத்த குட்டிக்கு வேண்டும்.